பேர் போடாத கட்டுரை

பக்கத்து வீட்டு தர்ஷினி ஒன்பதாவது படிக்கிறாள். போன வாரம் ஒரு சாயங்காலம் நோட்டும் பேனாவுமாக வந்து என் வீட்டுக் கம்பிக் கதவைத் தட்டினாள். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் என் கதவைத் தட்டுகிறவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் தண்ணி கேன் போடுகிறவர். இன்னொருவர், எதிர் வீட்டுப் பார்சலை வழி தப்பி என்னிடம் நீட்டுகிறவர். என் மனைவி பேத்தியைப் பார்த்துக்கொள்ள பெங்களூருக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. "பத்து நாள்ல வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினாள். எந்தப் பத்து நாள் என்று நான்தான் கேட்காமல் விட்டுவிட்டேன். ஆகவே கதவுச் சத்தம் கேட்டதும் சட்டையை மாட்டி, தலையைச் சீவி, வீட்டுக்கு மந்திரி வந்த மாதிரி ஓடிப் போய்த் திறந்தேன்.

"அங்கிள், நீங்க நல்லா எழுதுவீங்கன்னு அம்மா சொன்னாங்க."

குடியிருப்போர் சங்கத்து வாட்சப்பில் தெருநாய்த் தொல்லை பற்றி நான் நாலு வரி போட்டிருந்தேன். என் மொத்த இலக்கியப் புகழும் அந்த நாலு வரியில்தான் நிற்கிறது. அதற்கும் நாய்கள் பக்கமிருந்து எந்தப் பதிலும் வரவில்லை. போகட்டும்.

தர்ஷினிக்குப் பள்ளியில் கருத்துக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 'பள்ளிக்குக் கைப்பேசி கொண்டு வரலாமா?' கூடாது என்பது அவள் கட்சி. கருத்து சொன்னால் மட்டும் போதாதாம், ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்ட வேண்டுமாம். நோட்டை வாங்கிப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். இரண்டாவது பத்தியில் ஒரு தோழி வந்தாள். டிபன் பையில் தயிர்சாத டப்பாவுக்கு அடியில் போனை ஒளித்துக் கொண்டுவருகிறாள், மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரம் உட்காருகிறாள், கணக்கு டீச்சர் போர்டு பக்கம் திரும்பினால் எடுத்துப் பார்க்கிறாள்.

"யாரும்மா இந்தத் தயிர்சாதம்?"

"ஹரிணி அங்கிள். என் பெஸ்ட் ஃப்ரெண்டு."

"எழுதலாமான்னு அவளக் கேட்டியா?"

"எதுக்கு அங்கிள்? பேரைத்தான் போடலையே!"

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது, "தயிர்சாதத்துக்கு அடியில சிக்னல் கெடைக்குதா?" என்பதுதான். அவள் சிரித்தாள். நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள். என் சுபாவம் அப்படி. சொல்ல வேண்டியது ஒன்று தொண்டை வரை வரும்போது அதற்கு முன்னால் ஒரு ஜோக் குறுக்கே ஓடி வந்து, எல்லோரையும் சிரிக்கவைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போய்விடும். அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லலாமென்று உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் எழுந்து போனாலும் எனக்குத் தெரியப் போவதில்லை, அது ஒரு சௌகரியம்.

"பேரைத்தான் போடலையே" என்ற அந்த வசனத்தை நான் பதினாலு வயதில், ஆம்பூரில், ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் நின்று சொல்லியிருக்கிறேன். ராகம்கூட அதேதான்.

ஆம்பூர் என்றதும் உங்களுக்கு பிரியாணி ஞாபகம் வந்திருக்கும். வரட்டும், நான் அதைத் தடுத்தால் ஊர்க்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஆனால் எனக்கு முதலில் வருவது தோல் வாசனை. நாற்றம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். உப்புப் போட்ட பச்சைத் தோல், சுண்ணாம்பு, ஏதோ மருந்து எல்லாம் கலந்து காற்றில் ஒரு சுவர் மாதிரி நிற்கும். ரயிலில் வரும்போது எதிர் சீட்டுக்காரர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தால், நாங்கள் எழுந்து மேலேயிருந்து பையை இறக்குவோம். ஸ்டேஷன் வரப்போகிறது என்று அர்த்தம். எந்த அறிவிப்பும் அவ்வளவு சரியாக இருந்ததில்லை.

என் அப்பாவுக்குத் தபால் ஆபீசில் வேலை, மாற்றலில் வந்த குடும்பம். ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் குவார்ட்டர்ஸ். இரண்டு நாளுக்கு ஒரு முறை குழாயில் நல்ல தண்ணீர் வரும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் தண்ணீரைப் பற்றிப் பிரமாதமாக எழுதப் போகிறேன், அதை எழுதியவன் வீட்டில் குழாய் இருந்தது.

நிசார் என் பெஞ்சு. அவன் வீடு மசூதிக்குப் பின்னால் இரண்டாவது சந்தில். பச்சைக் கதவு, உள்ளே போனால் முற்றம், முற்றத்தில் முருங்கை மரம், மரத்தடியில் கிணறு. அவன் அப்பா தோல் ஷாப்பில், தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம் ஓட்டுகிறவர். எங்கள் பக்கத்தில் தோல் பதனிடுகிற இடத்தை ஷாப்பு என்றுதான் சொல்வது. அண்ணன் இலியாஸ் செருப்புக் கம்பெனியில் கட்டிங்கில் இருந்தார். அவன் அம்மாவை நான் காலா என்று கூப்பிடுவேன். அவர்கள் பேச்சில் அது சித்தி மாதிரி. பள்ளி விட்டால் பையைத் தூக்கி அந்த முற்றத்தில் எறிந்துவிட்டு நேராகப் பானைக்குப் போவேன். யாரையும் கேட்பதில்லை. அலுமினியச் சொம்பை விட்டு மொண்டு நின்றபடியே குடிப்பேன். தண்ணீர் கொஞ்சம் கரிக்கும். எனக்கு அது உப்பென்றே தோன்றியதில்லை. நிசார் வீட்டு ருசி அது என்று நினைத்திருந்தேன்.

உண்மையில் அந்தக் கிணறு கெட்டுப் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ஷாப்புக் கழிவு இறங்கி, அந்தப் பக்கம் ஒவ்வொரு கிணறாக உப்பேறிக்கொண்டு வந்த காலம். ஒரு சந்தில் நல்ல தண்ணீர் இருக்கும், அடுத்த சந்தில் இருக்காது. அந்த வீட்டில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, டீயில் பால் விட்டால் சில நாள் திரிந்துவிடும். காலா தன் தலைமுடி போனதற்குக்கூட அந்தக் கிணற்றைத்தான் திட்டுவார். "முடி போச்சு, மூளையாவது இருக்குதே காலா" என்று நான் சொல்ல, கரண்டியைத் தூக்கிக்கொண்டு துரத்துவார்.

அதனால் அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் வந்திருந்தது. பெண் கொடுக்கிற வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வந்தால் டீயைத் தொட மாட்டார்கள். முதலில் தண்ணீர் கேட்பார்கள். இந்து வீடோ முஸ்லிம் வீடோ வித்தியாசம் கிடையாது. சம்பளம், குணம், சொந்தபந்தம் எல்லாம் அப்புறம். அந்தத் தண்ணீரில் நம் பெண் எப்படிச் சமைப்பாள், எப்படிக் குளிப்பாள், பிள்ளைக்கு என்ன கொடுப்பாள் என்று ஒரு டம்ளரில் பார்த்துவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் மட்டும் சும்மா இருப்பார்களா? அன்றைக்கு மட்டும் வேறெங்கிருந்தாவது நல்ல தண்ணீர் கொண்டு வந்து பானையை நிரப்பிவிடுவார்கள்.

இலியாஸ் அண்ணனுக்கு அப்படி இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. மூன்றாவதாக குடியாத்தம் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்ப, காலையிலேயே என்னையும் நிசாரையும் சைக்கிளோடு அனுப்பினார்கள். கேரியரின் இரண்டு பக்கமும் பழைய டியூபால் இரண்டு பிளாஸ்டிக் குடம். ஐந்து கிலோமீட்டர் தள்ளி மலைப்பக்கம் போகிற ரோட்டில் ஒரு பம்புசெட். அந்த நிலத்துக்காரர் எங்கள் குடங்களைப் பார்த்ததுமே கேட்டார்.

"இன்னாப்பா, பொண்ணு வூட்டுக்காரங்க வர்றாங்களா?"

"ஆமாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஷாப்புத் தெருவுலருந்து மாசத்துக்கு நாலு சைக்கிள் வருதே! இன்னா பண்றது. எத்தினி கல்யாணம் என் மோட்டார்ல நடந்திருக்குது தெரியுமா? ஒருத்தனாவது பத்திரிகை வெச்சிருப்பானா?"

திரும்பும்போது ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் டியூப் நழுவி ஒரு குடம் விழுந்தது. பாதிக் கல்யாணம் ரோட்டில் ஓடியது. நிசார் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன், இரண்டு பேரும் தார் ரோட்டில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் திரும்ப ஐந்து கிலோமீட்டர். அந்தச் சிரிப்பு மாதிரி நான் அதற்குப் பிறகு சிரித்ததில்லை. மற்றவர்களைச் சிரிக்கவைத்திருக்கிறேன், அது வேறே கணக்கு.

மத்தியானம் பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் பெரியம்மா ஒருவர், கனமான உடம்பு, கறுப்பு பர்தாவில் வேர்த்து வந்து உட்கார்ந்தார். "தண்ணி குடும்மா" என்றார். காலா நல்ல டம்ளரில் கொடுத்தார். குடித்தார். இன்னொன்று கேட்டார். மூன்றாவது டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "தேன் மாரி இருக்குது" என்றார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நானும் நிசாரும் ஆளுக்கொரு பக்கம் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு நின்றோம். காலா மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், அதில் கெஞ்சல் இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கே பேச்சு முடிந்தது. ரம்ஜான் கழிந்து நிக்காஹ்.

இது நடந்து ஒரு மாதம் இருக்கும். எங்கள் தமிழ் வாத்தியார் ஒரு கட்டுரை கொடுத்தார். 'நம் ஊருக்குத் தோல் தொழில் தேவையா? உன் கருத்தை ஆதாரத்துடன் எழுது.' வகுப்பில் பாதிப் பேரின் அப்பா ஷாப்பில். அதையெல்லாம் யோசிக்கிற ஆள் அவர் இல்லை. அவருக்கு எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். காய்ச்சல் என்று லீவு கேட்டால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். கட்டுரையில் ஆதாரமில்லாத வரி எங்கே வந்தாலும் ஓரத்தில் சிவப்பு மையில் 'ஆ?' என்று போடுவார்.

நான் 'தேவையில்லை' என்ற கட்சியை எடுத்தேன். கொள்கையெல்லாம் ஒன்றும் கிடையாது. அந்தப் பக்கம் கூட்டம் கம்மி, முதல் மார்க்கு வாங்குவது சுலபம். 'இன்றைய நவீன உலகில்' என்று ஆரம்பித்தேன். எந்தத் தலைப்புக்கும் நான் அப்படித்தான் ஆரம்பிப்பது, பசுவைப் பற்றிக்கூட. இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்த நோட்டில் ஓரமெல்லாம் ஆ? ஆ? ஆ? பல்டாக்டர் வீட்டு வாசல் மாதிரி இருந்தது.

"காத்து கெட்டுது, தண்ணி கெட்டுதுன்னு எழுதியிருக்கியே, நீ பாத்தியாடா?" என்றார். "பேப்பர்ல படிச்சேன்னு சொல்லாத. கண்ணால இன்னா பாத்த, அத எழுது."

கண்ணால் பார்த்தது என்னிடம் ஏகப்பட்டது இருந்தது. வேகாத பருப்பு, நுரைக்காத சோப்பு, திரிந்த டீ. மூன்று ஆதாரம். ஆனால் சிகரமாக ஒன்று வேண்டுமே? இரண்டு குடத்தை எழுதினேன். 'என் நண்பன் ஒருவன்' என்று தொடங்கி, பச்சைக் கதவு, முருங்கை மரம், மசூதிக்குப் பின் இரண்டாம் சந்து, அண்ணனுக்குப் பெண் பார்த்த ஞாயிறு, குடியாத்தத்துப் பெரியம்மா, மூன்று டம்ளர், தேன். விவரம் கூடக்கூட ஆதாரம் பலப்படுகிறது என்று எனக்கு எண்ணம். பேர் மட்டும் போடவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறே. நண்பனைக் காப்பாற்றிவிட்டேனாம்!

ஓரத்தில் ஒரு ஆ? கூட இல்லாமல் வந்தது நோட்டு. இருபதுக்குப் பதினெட்டு. நிசார் நாலு வரி எழுதியிருந்தான். 'தேவை. எங்கள் அப்பா அங்குதான் வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் ஐந்து பேர் சாப்பிடுகிறோம். அதனால் தேவை.' பக்கத்தில் சிவப்பில் 'ஆ?' அவனுக்கு மூன்று மார்க்கு. மூன்றும் கையெழுத்துக்கு.

வாத்தியார் அதோடு விடவில்லை. திங்கட்கிழமை காலை பிரேயரில் என் கட்டுரையை நானே மைக்கில் வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அறுநூறு பையன்கள் வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். முதல் பத்தியில் எல்லோரும் கால் மாற்றி நின்றார்கள். சைக்கிள் கேரியரில் குடம் வந்ததும் முன்வரிசையில் ஒருவன் சிரித்தான். பாதிக் கல்யாணம் ரோட்டில் ஓடியதும் மைதானமே சிரித்தது. வாத்தியார்கள் சிரித்தார்கள். ஹெட்மாஸ்டர் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். எனக்குத் தலையில் ஏறிவிட்டது. அதற்கு முன் அறுநூறு பேர் என்னைப் பார்த்துச் சிரித்ததே இல்லை. பெரியம்மா வந்த இடத்தில் தாளைக் கீழே இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு, குரலைத் தடித்து, "தேன் மாரி இருக்குது" என்றேன். கட்டுரையில் அந்த நடிப்பு கிடையாது. அதை நானாகச் சேர்த்தேன்.

சிரிக்கவைக்கிறவன் எப்போதும் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடுவான். நான் நிசாரைத் தேடினேன். குடம் விழுந்ததை நான் வாசித்தபோது அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். இப்போது தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வராந்தாவில் வந்து பிடித்தேன்.

"இன்னாடா, எங்க வூட்டப் பத்தி எழுதிட்ட?" என்றான்.

"பேரப் போடலயேடா!"

"ஆமா. பேரு மட்டும்தான் போடல." கொஞ்ச நேரம் சுவரைச் சுரண்டினான். "சரி வுடு. இங்க யாருக்குத் தெரியப் போவுது."

தெரிந்தது. ஏழாவதில் ஒரு பையன் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான், அந்தப் பெண்ணின் ஊர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனவன், பள்ளிக்கூடத்தில் ஒரு அண்ணன் பயங்கர ஜோக்கு சொன்னான் என்று குடங்களின் கதையை அப்படியே ஒப்பித்திருக்கிறான். அவனும் கண்ணை மூடிக்கொண்டு, "தேன் மாரி இருக்குது" என்று நடித்துக் காட்டியிருக்கிறான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரியம்மாவும் இருந்தாராம். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. என் வாழ்க்கையில் என் ஜோக்கை ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் வைத்துக்கொண்டவன் அவன் ஒருவன்தான்.

மறுநாள் சனிக்கிழமை. நான் வழக்கம்போல் நிசார் வீட்டு முற்றத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். பச்சைக் கதவு திறந்தது. பெரியம்மா தனியாக உள்ளே வந்தார். சொல்லியனுப்பாமல் வந்திருக்கிறார். காலா பதறிப் போய்ப் பாயை விரித்தார். உட்கார்ந்தவர் பர்தாவின் முகத்துணியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்.

"தாகமா இருக்குதும்மா. தண்ணி குடு."

நிசார் சுவரில் சாய்த்திருந்த சைக்கிளைப் பார்த்தான். போக ஐந்து, வர ஐந்து. ரொட்டி என் வாயில் அப்படியே நின்றது. காலா நினைத்திருந்தால் அடுத்த தெருவிலிருந்து ஒரு சொம்பு கடன் வாங்கியிருக்கலாம், டீ போடுகிறேன் இருங்கள் என்று நேரம் கடத்தியிருக்கலாம், கடையிலிருந்து சோடா வாங்கிவரச் சொல்லியிருக்கலாம். அவர் பானையிடம் போனார். நான் தினமும் குடிக்கிற அதே அலுமினியச் சொம்பில் மொண்டு, இரண்டு கையாலும் நீட்டினார்.

பெரியம்மா ஒரு வாய் குடித்து வைத்துவிடுவார் என்று நினைத்தேன். முழுச் சொம்பையும் குடித்தார். நிதானமாக, முகத்தில் ஒரு கோடு மாறாமல்.

"இன்னும் வேணுமா?" என்றார் காலா.

"போதும்மா. வெயில் ஜாஸ்தி." பிறகு என்னைப் பார்த்தார். "இந்தப் புள்ள யாரு?"

இந்த இடத்தில் காலா ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும்.

"நிசாரோட தோஸ்த்து. எங்க வூட்டுப் புள்ள மாரி" என்றார் காலா.

பெரியம்மா போய்விட்டார். இரண்டு நாள் கழித்து ஆள் மூலமாகச் செய்தி வந்தது. பெண்ணுக்கு மேலே படிக்க ஆசையாம். ஆறாம் வகுப்போடு நின்ற பெண், அவளுக்கு என் கட்டுரையால் படிப்பின் மேல் அப்படி ஒரு ஆசை வந்துவிட்டது. பாருங்கள், இங்கேகூட எனக்கு ஒரு ஜோக் வந்துவிடுகிறது. அன்றைக்கு வரவில்லை.

இலியாஸ் அண்ணன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது என்னைப் பார்த்தால் முன்போலவே பெல் அடிப்பார், ஆனால் நிறுத்துவதில்லை. நிசார்தான் ஒரு நாள் ரயில் ரோட்டோரம் நடக்கும்போது சொன்னான்.

"நீ பொய் எழுதியிருந்தா நாலு சாத்து சாத்தியிருப்பேன்டா. நெசத்த எழுதிட்ட. அதான் பேஜாரா இருக்குது. உன்ன இன்னான்னு திட்டறதுன்னே தெரில."

"திட்டுடா. ஏதாவது சொல்லி திட்டு."

"வுடு."

திட்டியிருந்தால் பிழைத்திருப்போம் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதற்கப்புறம் நான் அந்த வீட்டுக்குப் போனபோது பையை முற்றத்தில் எறிந்துவிட்டுப் பானையை நோக்கி நடந்தேன். காலா குறுக்கே வந்தார். சிரித்த முகம்தான். "இரு பேட்டா, அந்தத் தண்ணி வேணாம்" என்றார். என்னை முன் அறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நிசாரை ஓடவிட்டு முக்குக் கடையிலிருந்து ஒரு பாட்டில் கலர் சோடா வாங்கிவரச் செய்தார். ஆரஞ்சுக் கலர், மேலே ஐஸ் வேர்வை. வந்த விருந்தாளிக்குக் கொடுப்பது போல் தட்டில் வைத்துக் கொடுத்தார். அந்த வீட்டில் நான் அதுவரை நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. அவர்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி மைக்கில் பேசினவனுக்கு அதை எப்படிக் கொடுப்பது என்று அந்த அம்மாள் தயங்கியிருக்க வேண்டும். அதில் கோபம் துளிக்கூட இல்லை. இருந்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன்.

அடுத்த முறையும் கலர். அதற்கடுத்த முறையும் கலர். நாலாவது முறை நான் போகவில்லை. என் வாழ்க்கையில் வேறு யாரும் என்னை இவ்வளவு மரியாதையாக வெளியே அனுப்பியதில்லை.

வாத்தியார் அந்தக் கட்டுரையை மாவட்டப் போட்டிக்கு அனுப்பப் போவதாகச் சொல்லி, நல்ல தாளில் எழுதி வா என்றார். நோட்டு மழையில் நனைந்துவிட்டது என்றேன். ஆதாரம் கேட்டார். நோட்டைக் குழாயடியில் நனைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்த வருஷம் நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தப் பொய்.

முழுப் பரீட்சைக்கு முன்பே நிசார் கடைசி பெஞ்சுக்கு மாறிப் போனான். சண்டை இல்லை. கண்ணுக்கு போர்டு சரியாகத் தெரிகிறதாம் அங்கிருந்து. எனக்குத் தெரிந்து கண் சரியில்லாமல் பின்னால் போனவன் அவன் ஒருவன்தான். அந்தக் கோடையில் அப்பாவுக்கு வேலூருக்கு மாற்றல் வந்தது. நான் சொல்லிக்கொள்ளப் போனேன். அவன் ஷாப்பில் லீவு வேலைக்குப் போயிருந்தான். காலா வாசலில் நின்று, "நல்லாப் படி பேட்டா, நல்லா எழுது" என்றார். குத்தலில்லை, நிஜமாகத்தான் சொன்னார். அதனால்தான் இன்றைக்கும் பேனா எடுத்தால் முதல் வரியில் கை கொஞ்சம் நிற்கிறது.

அப்புறம் நான் கெட்டிக்காரனாகி, ஒரு ஆபீசில் முப்பது வருஷம் அறிக்கை எழுதினேன். எல்லாவற்றின் கீழும் 'ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது' என்று போட்டு. ஆபீசில் நான்தான் ஜோக்கர். ரிட்டையர்மெண்ட் கூட்டத்தில் பேசிய ஏழு பேரும் என் ஜோக்கையே திரும்பச் சொல்லிச் சிரித்தார்கள். மாலையைப் போட்டு, வீடு வரை ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் அவர்களில் ஒருவர் வீட்டில்கூட நான் நேராக உள்ளே போய், கேட்காமல், தண்ணீர் மொண்டு குடித்ததில்லை. அவர்களும் என் வீட்டில் குடித்ததில்லை. இப்போது குடிக்கவும் முடியாது. கேனைக் கவிழ்த்து வைத்த குழாயைத் திருகத் தெரிய வேண்டும். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் தங்கள் பையிலேயே ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவந்திருந்தார்கள். நான் நீட்டிய டம்ளரைப் பார்த்து, "இருக்குங்க, பரவால்ல" என்றார்கள். பெண் பிடித்திருந்தது, வீடு பிடித்திருந்தது. எங்கள் தண்ணீர் எப்படியிருக்கும் என்று கடைசி வரை அவர்களுக்குத் தெரியாது. தனி ருசி என்று ஒன்றும் இருக்காது, எல்லா ஊரிலும் ஒரே கேன்தானே?

போன வருஷம் ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். ரயிலில் யாரும் மூக்கை மூடவில்லை, அதனால் ஸ்டேஷன் வந்ததே எனக்குத் தெரியவில்லை, கடைசி நிமிஷத்தில் குதித்தேன். சாப்பாடு முடிந்ததும் சும்மா நடப்பது போல மசூதிக்குப் பின்னால் நடந்தேன். இரண்டாவது சந்து இப்போது கார் நுழைகிற அகலம். அந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம், கீழே வண்டி நிறுத்துமிடம். கிணறு எந்தத் தூணுக்குக் கீழே இருக்கும் என்று கண்ணாலேயே அளந்துகொண்டு நின்றேன். வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

"யாரப் பாக்கணும் சார்?"

"நிசார்னு ஒருத்தர். இங்கதான் வீடு இருந்துச்சு."

"எந்த நிசாரு? மூணாவது மாடில ஒரு நிசார் இருக்காரு. துபாய்ல ஒருத்தர் இருக்காரு, பூட்டிக் கெடக்குது."

"அவரோட அண்ணன் பேரு இலியாஸ். அப்பா ஷாப்புல டிரம் ஓட்டுனாரு."

"எந்த ஷாப்பு சார்? இந்தப் பக்கம் ஷாப்பே இல்லியே இப்ப. ஆளு எப்படி இருப்பாரு? அடையாளம் சொல்லுங்க."

எனக்குத் தெரிந்த முகத்துக்குப் பதினாலு வயது. மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் முன்னால் நிற்கும், சிரித்தால் தெரியும் என்று சொன்னேன். வாட்ச்மேன் யோசித்துப் பார்த்தார். பாவம், உண்மையாகவே யோசித்தார்.

"மூணாவது மாடிக்காரருக்கு பல் செட்டு சார்" என்றார். "அவரும் இப்ப இல்ல, பையன் வூட்டுக்குப் போயிருக்காரு. வந்தா சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. கூடப் படிச்சவன் வந்தான்னு."

"பேரு?"

சொன்னேன். மேஜை மேல் ரிஜிஸ்டர் திறந்திருந்தது, நடுவில் பேனாவும் இருந்தது. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.